ஸ்பீக்கரில் மத்தளம் கேட்கிறது, அண்ணாவியார் குரலைக் காணோம் – அவசர உதவி

படுவான்கரையான்
எல்லாருக்கும் வணக்கம். லப்டொப் சத்தம் எங்களுக்குக் காணாது என்று ஸ்பீக்கர் ஒன்று எடுத்து வந்து கொழுவினோம். மத்தளம் நல்லாகக் கேட்கிறது, சல்லரித் தாளம் கேட்கிறது, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் பாடுவது மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி. கூடவே ஒரு உறுமல். நாளை இரவு கூத்துப் பழக்கம், அண்ணாவியாருக்கு உடம்பு சரியில்லாததால் போன வருடம் எடுத்த வீடியோவை வைத்துத்தான் பொடியன்கள் பழக வேண்டும். யூஎஸ்பி சவுண்ட் கார்ட் வாங்கினால் சரிவருமா? கெதியாகச் சொல்லுங்கள்.

தயிர்ச்சட்டி
என்ன லப்டொப், என்ன ஸ்பீக்கர், வயரா புளூடூத்தா? ஒன்றும் சொல்லாமல் என்னத்தை வாங்கச் சொல்வது?

சாய்ந்தமருதுக் காற்று
விண்டோஸா? வீடியோ எதில் ஓடுகிறது? லப்டொப்பின் சொந்த ஸ்பீக்கரில் குரல் கேட்கிறதா இல்லையா? அதைச் சொன்னாலே பாதிப் பதில் வந்துவிடும்.

ஓம்_விதி
இந்தக் கேள்வி இங்கே எத்தனை தடவை வந்துவிட்டது. தேடிப் பார்க்கிற பழக்கம் ஒருவருக்கும் இல்லை. உறுமல் என்றால் கிரவுண்ட் லூப், வேறு கதை கிடையாது. லப்டொப் சார்ஜருக்கு ஒரு ஏர்த், ஸ்பீக்கருக்கு ஒரு ஏர்த், நடுவில் ஓடியோ வயரில் சிக்னல் திரும்பி வருகிற கிரவுண்ட் கம்பி. மூன்றும் சேர்ந்து வளையமாகி 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் உறுமல் உள்ளே ஏறுகிறது. கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று கேளுங்கள், உள்ளே இரண்டு குட்டி ட்ரான்ஸ்போமர் இருக்கும், வயருக்கு நடுவில் போட்டால் முடிந்தது. சவுண்ட் கார்ட் எல்லாம் வீண் செலவு.

தயிர்ச்சட்டி
அண்ணே, உறுமலுக்கு நீங்கள் சொன்னது சரி என்றே வைத்துக்கொள்வோம். குரல் எங்கே போனது? என் கணக்குக்கு இது புளூடூத் ஹேண்ட்ஸ்-ஃபிரீ பிரச்சினை. மைக் உள்ள ஸ்பீக்கர் என்றால் விண்டோஸில் இரண்டு பெயரில் தெரியும். ஹேண்ட்ஸ்-ஃபிரீ என்று இருப்பதைத் தெரிவு செய்தால் போன் பேச்சுக்குரிய மோனோ சத்தம்தான் வரும், எல்லாம் தகரம் தட்டின மாதிரி. ஸ்டீரியோ என்று இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். ஸூம் வகுப்பு எடுக்கிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் வைத்தியம் இதுதான்: மைக்கை லப்டொப்பிலேயே வைத்துக்கொள், காதில் இருப்பதில் கேட்க மட்டும் செய்.

ஓம்_விதி
அப்படி என்றால் மத்தளம் மட்டும் எப்படி நல்லாகக் கேட்கும், தம்பி? கேள்வியை முழுதாக வாசித்துவிட்டு வைத்தியம் பாருங்கள்.

படுவான்கரையான்
வயர்தான். லப்டொப் ஸ்பீக்கரில் குரல் தெளிவு, இயர்போனிலும் தெளிவு. ஆனால் சத்தம் பத்தாது, முப்பது பேர் ஆடுகிற இடம். விண்டோஸ் 10, விஎல்சி. ஸ்பீக்கர் தள்ளிக்கொண்டு போகிற சில்லு வைத்தது, பெட்டியில் 1200 வாட் என்று போட்டிருக்கிறது.

சாய்ந்தமருதுக் காற்று
1200 வாட்டா? மருதமுனையில் ஒரு கலியாண வீட்டுக்குக் கொண்டு வருகிற பெரிய செட்டே அவ்வளவு வராது. அது பிஎம்பிஓ கணக்கு, கண் மூடித் திறக்கிற நேரத்தில் ஒரு உச்சத்தைக் காட்டி, அதை எல்லா ஸ்பீக்கராலும் பெருக்கி எழுதுவது. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட், என்று எங்கேயாவது சின்ன எழுத்தில் இருந்தால் அதைத்தான் நம்ப வேண்டும். இதைவிட மோசம் லப்டொப்பில் குத்துகிற யூஎஸ்பி ஸ்பீக்கர். சாதாரண யூஎஸ்பி 2 துளையில் 5 வோல்ட், 500 மில்லி அம்பியர், அதாவது இரண்டரை வாட்தான் வெளியே வரும். அதில் மட்டும் ஓடுகிற பெட்டியில் 50 வாட் என்று அச்சடித்தால் மிச்சம் எங்கிருந்து வரும்?

தயிர்ச்சட்டி
சத்தம் பத்தாது என்பதற்கு ஸ்பீக்கரே வேண்டாம், விஎல்சியில் 100க்கு மேலே 125 வரை கூட்டலாம். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் லவுட்னஸ் ஈக்வலைசேஷன் என்று ஒன்று இருக்கும், டிரைவரைப் பொறுத்து, அதை ஓன் பண்ணினால் மெல்லிய குரல் மேலே வரும். லப்டொப் ஸ்பீக்கர் அடிப்பக்கம் பார்த்து இருந்தால் பாயில் வைக்காமல் பலகையில் வையுங்கள்.

படுவான்கரையான்
முப்பது பேருக்கு அது காணாது அண்ணே.

கல்முனை_ஈயம்
கடை பூட்டிவிட்டு இப்போதுதான் பார்த்தேன். தம்பி, இரண்டு விடயம் சொல்லுங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஒன்று, உறுமல் கேட்கும்போது ஸ்பீக்கர் பற்றரியில் ஓடுகிறதா, கரண்டில் ஓடுகிறதா? இரண்டு, அந்த வயரின் பிளக்கில் கறுப்பு வளையம் எத்தனை? நகத்தால் தொட்டு எண்ணுங்கள், இரண்டா மூன்றா?

மத்தளக்காரன்
அதை விடுங்கள். கூத்தை லப்டொப்பில் பழகுவதா? அண்ணாவியார் இல்லாவிட்டால் ஏடு பார்த்துப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற ஏட்டண்ணாவியார் இருப்பாரே, பிற்பாட்டுக்காரர் இருப்பாரே. கூத்தாடுகிற வட்டக்களரியில் ஆட்டக்காரன் கால் பிந்தினால் மத்தளக்காரன் அவனைப் பார்த்துத் தாளத்தைப் பிடித்துக் கொடுப்பான். வீடியோ பிடித்துக் கொடுக்குமா? வீடியோவைப் பார்த்துப் பழகின பொடியன் களரியில் முழிசிக்கொண்டு நிற்பான், நான் கண்டிருக்கிறேன்.

தயிர்ச்சட்டி
ஐயா, அண்ணாவியாருக்குச் சுகமில்லை என்று சொன்னாரே. பழக்கத்தை நிற்பாட்டச் சொல்கிறீர்களா?

மத்தளக்காரன்
நிற்பாட்டச் சொல்லவில்லை, மகன். மத்தளத்தை நேரில் அடித்துக்கொண்டு பாட்டுக்கு மட்டும் பெட்டியை வையுங்கள் என்கிறேன். இப்போது வீடியோ மத்தளத்தைத் துப்பரவாகக் கொடுத்து பாட்டை விழுங்குகிறது, தேவை அதற்கு நேர் எதிர்.

சாய்ந்தமருதுக் காற்று
பேராசிரியர் வித்தியானந்தன் 60களில் பேராதனையில் விடிய விடிய ஆடின கூத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கி மேடை ஏற்றினபோதும் இப்படித்தான் கூத்துக் கெட்டது என்றார்கள். இன்றைக்கு அதைத்தான் பாடமாகப் படிக்கிறோம். லப்டொப் வந்தால் மட்டும் என்ன?

மத்தளக்காரன்
அவர் அண்ணாவிமாரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினவர், பெட்டியைக் கொண்டு போனவர் இல்லை. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

ஓம்_விதி
இது கூத்து இழையா, ஓடியோ இழையா? ஐசோலேட்டர் வாங்கச் சொன்னேன், இன்னும் பதில் இல்லை.

வாவிக்கரை
ஐசோலேட்டர் எல்லாம் எதற்கு, சார்ஜரின் ஏர்த் பின்னை வெட்டிவிட்டால் உறுமல் போய்விடும். நான் உருளைப் பின் இரண்டு உள்ள பிளக்கைத்தான் 13 அம்பியர் சொக்கற்றில் குத்துகிறேன். மேல் துளையில் பேனை மூடியை விட்டால் கதவு திறக்கும்.

கல்முனை_ஈயம்
வாவிக்கரை, அதை யாரும் செய்யாதீர்கள். அந்தக் கதவு சின்னப் பிள்ளைகள் கம்பியை விடாமல் இருக்க வைத்தது. ஏர்த் வேலை செய்கிற சார்ஜரில் உள்ளே கோளாறு வந்தால் கரண்ட் நிலத்துக்குப் போய் ட்ரிப் சுவிட்ச் விழும். பின்னை வெட்டினால் அதே 230 வோல்ட் லப்டொப்பின் உலோக உடம்பில் நிற்கும், தொடுகிறவன் ஏர்த் ஆவான். களரியில் ஈரக் காலோடு பொடியன்கள் நிற்கிறார்கள். உறுமல் இருந்தாலும் பரவாயில்லை.

வாவிக்கரை
இரண்டு பின் சார்ஜரை கம்பனியே விற்கிறானே, அதுவும் ஆபத்தா?

கல்முனை_ஈயம்
அது இரட்டைக் காப்பு என்று அதற்கென்றே செய்தது, சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும். அதைப் போட்டால் லப்டொப் உடம்பில் கை வைக்கும்போது மெல்லிய சுரசுரப்பு வரும், சார்ஜருக்குள் இருக்கிற ஒரு சின்னக் கப்பாசிற்றர் வழியாகக் கசிகிற கரண்ட் அது. கொல்லாது, ஆனால் ஓடியோ வயரில் கிரவுண்ட் சரியாகப் பிடிக்காவிட்டால் அந்தக் கசிவுதான் உறுமலாகக் கேட்கும். அதனால்தான் பற்றரியா என்று கேட்டேன். பதிலைக் காணோம்.

படுவான்கரையான்
பற்றரியில்தான். லப்டொப் சார்ஜரைக் கழற்றினால் உறுமல் இல்லை. வளையம் மூன்று. மச்சானுடைய காரில் இருந்த வயர்.

கல்முனை_ஈயம்
சரி, கண்டுபிடித்தாயிற்று. ஸ்பீக்கர் பற்றரியில் ஓடினால் அதற்கு ஏர்த்தே இல்லை, அப்போது வளையமும் இல்லை. ஐசோலேட்டர் வாங்க வேண்டாம்.

மூன்று வளையம் என்றால் பிளக் நான்கு துண்டு: இடது, வலது, கிரவுண்ட், அடியில் மைக். ஹெட்செட்டுக்கு உரியது. உங்கள் ஸ்பீக்கரின் துளையில் மூன்று தொடுகைதான் இருக்கும், கிரவுண்டைப் பிடிக்க வேண்டிய தொடுகை மைக் துண்டில் போய் உட்கார்ந்துவிடுகிறது. கிரவுண்ட் அந்தரத்தில் தொங்குகிறது. அப்போது இடதும் வலதும் ஒன்றுக்குள் ஒன்றாகத் திரும்பி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் வெளியே வரும். இரண்டிலும் சமமாக இருப்பது வெட்டுப்பட்டுப் போகும். போனில் எடுத்த வீடியோ ஸ்டீரியோ என்று நினைக்கிறேன், அண்ணாவியார் போனுக்கு நேரே நடுவில் நின்று பாடியிருப்பார், மத்தளமும் சல்லரியும் பக்கத்தில். நடுவில் நின்றவர் காணாமல் போனார், பக்கத்தில் நின்றவர்கள் கேட்கிறார்கள்.

இப்போதே பார்க்கலாம், செலவில்லை. பாட்டை ஓடவிட்டு ஸ்பீக்கர் பக்கத்துப் பிளக்கை ஒரு நெருப்புக்குச்சித் தடிப்புக்கு மெல்ல வெளியே இழுங்கள். ஏதோ ஓர் இடத்தில் குரல் டக்கென்று வரும்.

ஓம்_விதி
மோனோ பதிவு என்றால் எல்லாமே வெட்டுப்பட்டு ஒன்றும் கேட்காது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். மேலும் கிரவுண்ட் பிரச்சினை என்று முதலில் சொன்னது நான்தான்.

கல்முனை_ஈயம்
ஓம், கிரவுண்ட் என்று சொன்னீர்கள். கிரவுண்ட் கூடிப்போனது என்றீர்கள், இங்கே கிரவுண்டே இல்லை.

தயிர்ச்சட்டி
புளூடூத்தில் விட்டால் இந்த வளையக் கதை எதுவும் இல்லையே?

சாய்ந்தமருதுக் காற்று
வீடியோவில் காலைப் பார்த்து ஆடுகிறார்கள் அல்லவா. புளூடூத்தில் சத்தம் பிந்தும், மிதி விழுந்த பிறகு தாளம் கேட்கும். விஎல்சியில் ஜே, கே எழுத்தை அமத்தி 50 மில்லி செக்கனாகச் சத்தத்தை முன்னே பின்னே நகர்த்தலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் மினக்கெட வேண்டும். வயர்தான் நல்லது.

மத்தளக்காரன்
தாளம் பிந்துகிற பெட்டியில் கூத்துப் பழகினால், பாத்திரம் களரிக்கு வருகிற வரவு ஆட்டத்திலேயே பிடிபடும். இதில் காற்றுத் தம்பியோடு எனக்கு ஒத்துப்போகிறது.

எருவில்_பொடிச்சி
இழையில் நுழைந்ததற்கு மன்னிக்கவும். என் லப்டொப்பில் இயர்போன் துளையே ஆடிப்போய்விட்டது, யூஎஸ்பி-சி துளைதான் இருக்கு. போனுக்கு வாங்கின மாற்றியைப் போட்டேன், சத்தமே வரவில்லை.

கல்முனை_ஈயம்
தங்கச்சி, அந்த மாற்றியில் இரண்டு சாதி உண்டு. ஒன்று வெறும் வயர், போன் உள்ளே இருந்து சத்தத்தைக் கொடுத்தால்தான் வேலை செய்யும், அநேக லப்டொப் கொடுக்காது. மற்றது உள்ளே டிஜிட்டலைச் சத்த சிக்னலாக மாற்றுகிற டாக் சிப் வைத்தது, அது தன்னுடைய சவுண்ட் கார்டைத் தானே கொண்டு வருகிறது, எதில் குத்தினாலும் ஓடும். டாக் உள்ளது என்று கேட்டு வாங்குங்கள், கடையில் வைத்தே லப்டொப்பில் குத்திப் பாருங்கள். இழையைத் தொடங்கின தம்பி கேட்ட சவுண்ட் கார்ட் உண்மையில் உங்களுக்குத்தான் தேவை.

எருவில்_பொடிச்சி
நன்றி அண்ணா. களுவாஞ்சிகுடியில் கிடைக்குமா?

வாவிக்கரை
போன் அக்சசரீஸ் கடை எதிலும் இருக்கும்.

ஓம்_விதி
டாக் இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரப் பொடியன் ஓம் என்றுதான் சொல்வான். குத்திப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

படுவான்கரையான்
கொஞ்சம் இழுத்தேன், குரல் வந்துவிட்டது. இன்று இரண்டு வளைய வயர் வாங்கிப் போட்டேன், சார்ஜரோடும் உறுமல் காணாது. நன்றி கல்முனை அண்ணே, எல்லாருக்கும் நன்றி. பழக்கத்துக்குப் போகிறேன்.

மத்தளக்காரன்
மத்தளத்தை நேரில் அடியுங்கள், மகன்.

தயிர்ச்சட்டி
காணாது என்றால் உறுமல் இல்லையா, இருக்கிற உறுமல் போதாதா? 😄

சாய்ந்தமருதுக் காற்று
ஆள் போய்விட்டார். அரங்கேற்றம் எந்த ஊரில், எப்போது என்று கேட்க நினைத்தேன்.