கார்பேஜ் டிஸ்போசல்: மாற்றலாமா, எடுத்தே விடலாமா?

வணக்கம். அமெரிக்காவில் இருப்பவர்கள் யோசனை சொல்லுங்கள். சிங்க்குக்கு அடியில் உணவுக் கழிவை அரைத்துக் குழாயில் அனுப்பும் அரை ஹெச்பி (குதிரைத்திறன்) டிஸ்போசல், அதன் அடிப்பக்கத்தில் உள்ள ரீசெட் பட்டனை ஒட்டிச் சொட்டுகிறது. மேலே ஃபிளாஞ்சில் (சிங்க் துளையில் பொருந்தும் வளையம்) கசிந்தால் புட்டி புதிதாக வைத்து இறுக்கலாம். அடியில் என்றால் உள் சீல் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும்.

அதே கம்பெனியில் அதே மூன்று போல்ட் மவுண்ட் (மாட்டும் அமைப்பு) உள்ளது கிடைத்தால் பழைய ஃபிளாஞ்சிலேயே திருகி மாட்டிவிடலாம். பிரேக்கரை அணைத்த பிறகே ஒயரில் கை வைக்க வேண்டும். புதியதில் டிஷ்வாஷர் ஹோஸ் சேரும் வாயில் இருக்கும் அடைப்பைத் தட்டி எடுக்காவிட்டால் டிஷ்வாஷர் தண்ணீர் வடியாது.

ஆனால் நம் சமையலில் சோறு டிராப்பில் (சிங்க்குக்கு அடியில் வளைந்திருக்கும் குழாய்) பசையாகப் படியும், முருங்கைச் சக்கையின் நார் சுற்றிக்கொள்ளும். இரண்டும் குப்பைக்குத்தான் போகின்றன. வீட்டுக்கு செப்டிக் டேங்க் வேறு. முக்கால் ஹெச்பிக்குச் செலவழிப்பது தகுமா? இல்லை, வெறும் வடிகட்டி போட்டுக் குழாயை நேராக இணைத்துவிடலாமா? அப்படிச் செய்தவர்கள் டிஷ்வாஷர் ஹோஸை எங்கே சேர்த்தீர்கள்?