விஷ்னியேவ்ஸ்கி: எந்த ஊரிலிருந்து வந்த பெயர்?

என் மாமனார் போலந்துக்காரர், குடும்பப் பெயர் விஷ்னியேவ்ஸ்கி. பூர்வீக ஊரைத் தேடி போலந்தின் ப்வோட்ஸ்க் நகரப் பக்கத்தில் முட்டி நிற்கிறேன். 'விஷ்னியா' என்றால் புளிப்புச் செர்ரி. அதை வைத்து விஷ்னியேவோ என்றே பல ஊர்கள் இருக்கின்றன. எதிலிருந்து 'ஸ்கி' ஒட்டியதோ!

கையில் இருப்பது அவருடைய தாத்தாவின் பிறப்புப் பதிவு, வருஷம் 1871. அந்தப் பகுதி அப்போது ரஷ்ய ஆட்சியில் இருந்ததால் 1868 முதல் பதிவுகள் எல்லாம் ரஷ்ய மொழி. தேதிகூடப் பழைய நாட்காட்டிக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று. தட்டுத் தடுமாறிப் படித்துவிட்டேன், சரியாக அப்பாவின் ஊர்ப் பெயர் மீதுதான் மை கொட்டியிருக்கிறது. போலந்துப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைத் தேடும் ஜெனிடேகா இணையதளத்தில், பெண்களுக்குப் பெயர் 'ஸ்கா' என்று முடியும் என்பதால் அப்படியும் போட்டுப் பார்த்தாயிற்று, பெற்றோரின் திருமணப் பதிவு சிக்கவில்லை.

அந்தக் காலத் திருமணங்களுக்கு இணைத்த சான்றுகளை ப்வோட்ஸ்க் அரசு ஆவணக் காப்பகத்தில் எப்படிக் கேட்டு வாங்குவது?