கர்னாக் பாலத்தை இடிக்காமல் பழுது பார்த்திருக்க முடியாதா?

செல்வம்_மும்பை:
எனக்கு மும்பை மஸ்ஜித் பந்தரில் மசாலா வியாபாரம். இங்கே ரயில் பாதைக்கு மேலே 1868-இல் கட்டிய கர்னாக் சாலைப் பாலத்தை 2022 நவம்பரில் இடித்தார்கள். புதுப் பாலம், சிந்தூர் என்ற பெயரில், 2025 ஜூலையில்தான் திறந்தது. அதுவரை சரக்கு வண்டியெல்லாம் சுற்றித்தான் வந்தது. வலுப்படுத்தி வைத்திருக்கக் கூடாதா?

பாலப்பொறியாளர்:
முடியாது அண்ணே. கனரக வண்டிகளுக்கு 2014-லேயே தடை. 2018-இல் ஐஐடி பம்பாய் ஆய்வும் பாதுகாப்பில்லை என்றது. கீழே சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம்) போகும் ரயில்கள். ஒரு துண்டு விழுந்தாலே பேராபத்து. நேரம் எடுத்தது அதனால்தான். இடிக்க மட்டும் 27 மணி நேரம் ரயிலை நிறுத்தி, மின்கம்பிகளைக் கழற்றி, இரும்பை வெட்டி, கிரேனில் தூக்கினார்கள். புதிய கர்டர்கள், அதாவது பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள், 70 மீட்டர் நீளம். அதை ஏற்றவும் ரயில்வே நேரம் ஒதுக்க வேண்டும்.

மீனா_தாதர்:
நடந்து போகிறவர்களை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. சுமை தூக்குபவர்களுக்குத்தான் பெரிய கஷ்டம். பாலத்தை இடிப்பதற்கு முன்பே தற்காலிக நடைபாலம் போட வேண்டும்.

செல்வம்_மும்பை:
சரி தம்பி, காரணம் புரிகிறது. மீனாம்மா சொல்வதுதான் என் கோரிக்கையும். அடுத்த பாலத்துக்காவது அதை முதலில் செய்யட்டும்.