சாலிஸ் என்ட்ரோபியில் அந்த கியூ எங்கிருந்து வருகிறது?

தருமபுரி எம்எஸ்சி:
வாயுக்களுக்கு போல்ட்ஸ்மன் 1872-ல் எழுதிய சமன்பாட்டில், மோதப்போகும் இரண்டு மூலக்கூறுகளின் வேகங்களுக்குள் தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டால் சமநிலையில் மேக்ஸ்வெல் பரவல் (எந்த வேகத்தில் எத்தனை மூலக்கூறு என்ற கணக்கு) வந்துவிடுகிறது, அதுவரை சரி. 1988-ல் இயற்பியலாளர் சாலிஸ் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) சூத்திரத்தில் கொண்டுவந்த கியூ என்ற எண் மட்டும் பிடிபடவில்லை. டேட்டாவுக்குப் பொருந்தும்படி சும்மா மாற்றிக்கொள்கிறார்களா? காலேஜில் கேட்டால் சிலபஸில் இல்லையாம்.

கிருஷ்ணகிரிக்காரன்:
பாதி உண்மை தம்பி, பல பேப்பரில் அதைத்தான் செய்கிறார்கள், எனக்கும் பிடிக்காது. கியூ 1 ஆனால் பழைய போல்ட்ஸ்மன்–கிப்ஸ் என்ட்ரோபி வந்துவிடும். சூத்திரத்தில் உள்ள மாறிலி கே-யை 1 என்றும் கியூவை 2 என்றும் வைத்து இரண்டு நாணயம் சுண்டிப் பார்: என்ட்ரோபி தனித்தனியே 1/2, 1/2, சேர்த்துக் கணக்குப் போட்டால் 3/4 தான், 1 வராது. நாணயங்களுக்குள் ஒரு தொடர்பும் இல்லாமலே இப்படி. கியூவை ஏற்பதா வேண்டாமா என்ற சண்டையே அங்கேதான்.

அரூர் வாத்தியார்:
சூரியனிலிருந்து வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்றைப் பாருங்கள். அங்கே துகள்கள் மோதுவதே அபூர்வம், அதனால் மேக்ஸ்வெல் வடிவத்துக்கு வந்து சேர்வதில்லை, அதிவேகத் துகள்கள் கூடுதலாகவே மிஞ்சுகின்றன. இந்த மாதிரி விண்வெளித் துகள்களுக்கு காப்பா பரவல் என்று ஒன்றை 1960-களிலேயே பயன்படுத்தினார்கள், சாலிஸுக்கு முன்னாலேயே! கியூவோடு முடிச்சுப்போட்டது பிறகுதான்.

தருமபுரி எம்எஸ்சி:
நன்றி சார். அண்ணா, அந்த 3/4 எனக்கும் வந்தது. அப்புறம் கியூ 1/2 போட்டேன், சேர்த்துப் போட்ட மொத்தம் தனித்தனியே கூட்டியதைவிடக் கூடுதலாகிவிட்டது!