மறு: மறு: ப்ரீ-கே, தமிழ்ல என்ன சொல்லலாம்?

[டாலஸ்]

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரமா ஒரு உதவி வேணும். எங்க பள்ளி மாவட்டத்துல அடுத்த வருஷ ப்ரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தின வகுப்பு, பெரும்பாலும் நாலு வயசுப் பிள்ளைங்களுக்கு) சேர்க்கை நோட்டீஸை நாலஞ்சு மொழியில போடுறாங்க, தமிழ் பிரதியை யாராச்சும் பார்த்துக் குடுங்கன்னு கேட்டாங்க, நான் சரின்னுட்டேன். மெஷின் பண்ணின பிரதியில முதல் பத்தியில "மழலையர் பள்ளிக்கு முந்தைய பள்ளி", ரெண்டு பத்தி தள்ளி அதுவே "பாலர் பள்ளி", கடைசியில "நர்சரி". படிக்கிறவங்க மூணும் வேற வேற இடம்னுதான் நினைப்பாங்க.

இது ஏன் முக்கியம்னா டெக்சாஸ்ல அரசுப் பள்ளி ப்ரீ-கே எல்லாருக்கும் இலவசம் கிடையாது. செப்டம்பர் 1 அன்னிக்கு நாலு வயசு ஆகியிருக்கணும், அதோட குடும்ப வருமானம் கம்மியா இருக்கணும், இல்ல அப்பா அம்மா ராணுவத்துல இருக்கணும், வீடில்லாத குடும்பம், வளர்ப்புக் குடும்பத்துல இருக்கிற பிள்ளை, இப்படி சில வாசல் இருக்கு. அதுல ஒண்ணு, இங்லீஷ் பேசவும் புரிஞ்சுக்கவும் முடியாத பிள்ளை. வீட்டுல தமிழே பேசி வளர்ந்த நம்ம பிள்ளைங்க இந்த வாசல் வழியா உள்ள போகலாம், சம்பளம் எவ்வளவுன்னு அதுல கேள்வியே இல்ல, 2019 சட்டத்துக்கு அப்புறம் தகுதியுள்ள நாலு வயசுப் பிள்ளைக்கு முழு நாள் வகுப்பு. இது தெரியாமலே டேகேருக்கு கொட்டிக் குடுத்துட்டு இருக்காங்க நம்ம ஆளுங்க.

ஒரு சொல்லு குடுங்க. அப்புறம் "ஸ்டாண்டர்ட்ஸ்"க்கும் ஒண்ணு. மெஷின் "தரநிலைகள்"னு போட்டிருக்கு, விட்டுடலாமா?

--------

[சென்னை]

அன்புள்ள அம்மா, நல்ல வேலை செய்யறீங்க. கிண்டர்கார்டனுக்கு மழலையர் பள்ளின்னு நம்ம அரசே எழுதுது, தனியார் பள்ளி போர்டுல எல்லாம் "மழலையர் மற்றும் தொடக்கப் பள்ளி"ன்னுதான் இருக்கும். அதுக்கு முன்னாடி இருக்கறது முன்மழலையர் பள்ளி, இதுல யோசிக்க என்ன இருக்கு. அங்கன்வாடியில 1975லேர்ந்து நடக்கறதை இங்க முன்பருவக் கல்வின்னு சொல்றோம், ஆனா அது கல்விக்கான பேரு, இடத்துக்கான பேரு இல்ல. 2019ல அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருந்த 2,381 அங்கன்வாடியில எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பிச்சப்போ அதையும் மழலையர் வகுப்புன்னுதான் எழுதினாங்க.

ஸ்டாண்டர்டுக்கு தரநிலை நிலைச்சுப்போன சொல், மாத்தாதீங்க. பழசா வேணும்னா "கட்டளை" இருக்கு. கட்டளைக் கலித்துறைங்கற செய்யுள் வகையில அடிக்கு 16 எழுத்து, அடி நிரையசையில தொடங்கினா 17, எண்ணி வெச்ச அளவு. அதுதானே ஸ்டாண்டர்ட்!

--------

[நியூ ஜெர்சி]

ஐயா, முன்மழலையரை நான் ஒத்துக்க மாட்டேன், கோச்சுக்காதீங்க. மழலைன்னா பேச்சு திருந்தாத வயசு, அதுக்கும் முன்னாடின்னா தவழக் கத்துக்கற, செங்கீரை ஆடுற குழந்தை. நான் இங்க ஒரு ப்ரீ-கே வகுப்புல உதவியாளரா இருக்கேன், நாலு வயசுங்க எல்லாம் வக்கீல் கணக்கா வாதாடுதுங்க. பிள்ளைத்தமிழ்ப் பருவம் எதாவது ஒட்டுமான்னு யாரோ தனிமடல்ல கேட்டீங்க, பாட்டியல் இலக்கணக் கணக்குப்படி கடைசிப் பருவமான சிறுதேரே 21ஆம் மாசத்துல முடிஞ்சிடும், நாலு வயசுக்கு அங்க பருவமே இல்ல.

சொல்லைவிட பெரிய சிக்கல் "பள்ளி". அமெரிக்காவுல கிண்டர்கார்டன் தனிப் பள்ளி இல்ல. ஃப்ரூபெல் ஜெர்மனியில 1840ல அந்தப் பேரை வெச்சப்போ அது தனி இடமா இருந்திருக்கலாம், இங்க 1873ல செயின்ட் லூயிஸ்ல சூசன் ப்ளோ அரசுப் பள்ளிக்குள்ளயே ஒண்ணை ஆரம்பிச்சாங்க, அங்கேர்ந்து போகப் போக அது பள்ளியோட முதல் படி ஆயிடுச்சு, அஞ்சு வயசு வகுப்பு, அவ்வளவுதான். ப்ரீ-கே அதுக்குக் கீழ ஒரு படி. ப்ரீஸ்கூல்ங்கறது பொதுவான பேரு, சர்ச் நடத்தலாம், தனி ஆள் நடத்தலாம், 1965ல அதிபர் ஜான்சன் காலத்துல வந்த ஹெட் ஸ்டார்ட் மத்திய அரசுப் பணத்துல ஏழைக் குழந்தைகளுக்குன்னு தனியா நடக்குது. ப்ரீ-கேன்னு இங்க பேசும்போது பெரும்பாலும் மாநிலமோ ஊரோ பணம் போட்டு நடத்துற வகுப்பைத்தான் சொல்றாங்க. (சில இடத்துல அந்தப் பணத்தை வாங்கி தனியார் மையமும் நடத்துது, நியூ யார்க்ல 2014ல எல்லாருக்கும் ப்ரீ-கேன்னு விரிச்சப்போ நிறைய இடம் அப்படித்தான் கிடைச்சுது. இருந்தாலும் விதி அரசோடது.)

பேருல "வகுப்பு" இருக்கணும்னு நான் அடம் பிடிக்கிறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நம்ம ஊர்ல பால்வாடின்னா ஆயா, ஆயான்னா கஞ்சி ஊட்டி தூங்க வைக்கிறவங்க, இந்தப் படம் மனசுல இருக்கிறவரைக்கும் "நாலு வயசுக்கு என்னத்த படிப்பு"ன்னுதான் கேப்பாங்க. ஓக்லஹோமா 1998ல நாலு வயசு எல்லாருக்கும்னு சட்டம் போட்டப்போ ப்ரீ-கே டீச்சருக்கு பட்டமும் குழந்தைக் கல்வி உரிமமும் கட்டாயம், சம்பளம் மேல் வகுப்பு டீச்சருக்கு என்னவோ அதேதான். ஒரு சின்ன மாநிலம், அரசாங்கம் பெருசா செலவு பண்றது பிடிக்காத மாநிலம், அங்கயே அப்படி. எங்க நியூ ஜெர்சியில கோர்ட்டே சொல்லிச்சு, பள்ளி நிதி பத்தின ஆபட் வழக்குல 1998 தீர்ப்பு, ஏழை நகர மாவட்டங்கள்ல மூணு வயசுக்கும் நாலு வயசுக்கும் நல்ல தரமான வகுப்பு நடத்தியே ஆகணும்னு. அந்த மாவட்டங்கள்ல ஒரு வகுப்புக்கு 15 பிள்ளை, உரிமம் வாங்கின ஒரு டீச்சர், கூட ஒரு உதவியாளர். இதை "பள்ளிக்கு முந்தைய"ன்னு எழுதினா பள்ளிக்கு வெளிய இருக்கிற மாதிரி ஆயிடுது, விஷயமே அது உள்ள வந்துடுச்சுங்கறதுதான்.

அதனால என் சொல்: பள்ளிப் புகுமுக வகுப்பு. ஐயா வயசுக்காரங்களுக்கு இது உடனே பிடிபடும். 1978ல பிளஸ் டூ வர்றதுக்கு முன்னாடி காலேஜ்ல பி.யூ.சி. (ப்ரீ-யூனிவர்சிட்டி கோர்ஸ்) இருந்துச்சே, அதைப் புகுமுக வகுப்புன்னுதானே சொன்னோம்? அந்த "ப்ரீ"யை யாரும் "முன்பல்கலைக்கழகம்"னு எழுதலை. காலேஜுக்குள்ளயே உக்காந்துட்டு பட்டப்படிப்புக்குள்ள நுழையற வகுப்பு அது. இது பள்ளிக்குள்ளயே உக்காந்துட்டு கிண்டர்கார்டனுக்குள்ள நுழையற வகுப்பு. அப்படியே பொருந்துது.

இப்ப ஸ்டாண்டர்ட்ஸ்.

> ஸ்டாண்டர்டுக்கு தரநிலை நிலைச்சுப்போன சொல், மாத்தாதீங்க.

இங்கதான் ஐயா சண்டை போடப் போறேன். இங்லீஷ்ல இந்த ஒரே சொல்லுக்குள்ள மூணு சமாச்சாரம் ஒளிஞ்சிருக்கு. குழந்தை வருஷக் கடைசியில என்ன செய்யத் தெரிஞ்சிருக்கணும்ங்கறது ஒண்ணு. டீச்சர் என்ன செய்யணும்ங்கறது இன்னொண்ணு. வகுப்புல எத்தனை தலை, டீச்சருக்கு என்ன படிப்புங்கறது மூணாவது. நியூ ஜெர்சி ஆவணத்தோட பேரே கற்பித்தலுக்கும் கற்றலுக்குமான ஸ்டாண்டர்ட்ஸ், ஒவ்வொரு பாடத்துக்கும் டீச்சர் இதெல்லாம் செய்வார்னு ஒரு பட்டியல், பிள்ளை இதெல்லாம் செய்யும்னு ஒரு பட்டியல், தனித்தனியா இருக்கு. டெக்சாஸ் அதே மாதிரி ஆவணத்தை ஸ்டாண்டர்ட்ஸ்னு சொல்றதில்ல, வழிகாட்டின்னு வெச்சுக்கிட்டாங்க. ரட்கர்ஸ் யூனிவர்சிட்டில ஒரு ஆய்வு நிறுவனம் இருக்கு, நீயர்னு சொல்லுவாங்க, வருஷா வருஷம் எல்லா மாநிலத்துக்கும் பத்துக்கு இத்தனைன்னு மார்க் போடும், அதுல பாதிக்கு மேல எண்ணிப் பார்க்கிற சரக்கு: வகுப்புல 20க்கு மேல கூடாது, பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவங்க, முதன்மை ஆசிரியருக்கு பட்டம், உதவியாளருக்கு சான்றிதழ்.

மூணையும் தரநிலைன்னு எழுதினா என்ன ஆகும்னு பார்க்கணும்னா டென்னஸியைப் பாருங்க. அந்த மாநில ப்ரீ-கே நீயர் பட்டியல்ல பெரும்பாலானதுல தேறின திட்டம். இடத்துக்கு மேல பிள்ளைங்க வந்ததால குலுக்கல் போட்டு எடுத்தாங்க, அதை வெச்சு வேண்டர்பில்ட் யூனிவர்சிட்டி ஆய்வாளருங்க இடம் கிடைச்சவங்களையும் கிடைக்காதவங்களையும் ஆறாங்கிளாஸ் வரைக்கும் பார்த்தாங்க, 2022ல வந்த முடிவு எல்லாரையும் தூக்கிப் போட்டுச்சு, ப்ரீ-கே போன பிள்ளைங்கதான் மார்க்லயும் நடத்தையிலயும் கொஞ்சம் பின்தங்கி இருந்தாங்க. பாஸ்டன்ல இதே மாதிரி குலுக்கலை வெச்சு பார்த்தா நேர்மாறு, பரீட்சை மார்க்ல வித்தியாசம் தெரியலை, ஆனா ப்ரீ-கே போனவங்க காலேஜ்ல சேர்றது கூடியிருந்தது. தலை எண்ணிக்கையும் பட்டமும் சரியா இருந்தும் உள்ள பிள்ளைங்களை என்ன பண்ண வைக்கிறாங்க, வரிசையில நிக்க வெச்சு எழுத்து எழுதச் சொல்றாங்களா, மணலும் கட்டையும் குடுத்து பேச விடுறாங்களா, அது வேற கணக்கு. டென்னஸி வேலை செய்யலைன்னதும் ப்ரீ-கேவே வேஸ்ட்னு சிலர் எழுதினதுக்கு நான் பதில் சொல்றதா இருந்தா முதல்ல இந்த மூணையும் பிரிக்க மூணு சொல் வேணும்.

என் யோசனை: பிள்ளைக்கு உள்ளது கற்றல் இலக்கு, டீச்சருக்கு உள்ளது கற்பித்தல் நெறி, எண்ணிக்கையும் தகுதியும் திட்ட அளவுகோல். ஐயா சொன்ன கட்டளை இந்த மூணாவதுக்கு அழகாத்தான் ஒட்டுது, ஆனா இன்னிக்கு அதைப் படிக்கிறவன் ஆர்டர்னுதான் எடுத்துப்பான், பாவம் கலித்துறை. அளவுகோல்ல ஒரு வசதி, கூட்டலாம் குறைக்கலாம். ஜார்ஜியாவுல லாட்டரிப் பணத்துல ஓடுற ப்ரீ-கே, பணம் பத்தலைன்னு 2011ல வகுப்புக்கு 20ஐ 22 ஆக்கினாங்க, 2024ல திரும்ப 20க்குக் கொண்டுவர பணம் ஒதுக்கினாங்க. அளவுகோல் தளர்ந்துச்சு, கற்றல் இலக்கு அப்படியே இருந்துச்சுன்னு தமிழ்ல ஒரே வரியில எழுதலாம். தரநிலையை வெச்சுக்கிட்டு இதை எழுதிப் பாருங்க.

--------

[டொராண்டோ]

வணக்கம். தரநிலையைத் தூக்கினது நல்லது, அதுக்கு எங்கட பக்கத்துக் காரணமும் ஒண்டு இருக்கு. இலங்கையில தரம் எண்டால் வகுப்பு. தரம் ஐந்து புலமைப்பரிசில், தரம் பத்து, இப்பிடித்தான் சொல்லுறம். ப்ரீ-கே தரநிலை எண்டு போட்டால் எங்கட ஆக்கள் அதை என்ன வகுப்பு எண்டுதான் வாசிப்பினம். அளவுகோல், நெறி, இலக்கு மூண்டும் சரி.

முன்பள்ளி எண்ட சொல்லை ஒருத்தரும் கேக்கேல்ல, கேக்காமல் விட்டதும் நல்லதுதான். ஊரில முன்பள்ளி எண்டால் அது பள்ளிக்கூடத்துக்கு வெளியில, சனசமூக நிலையத்திலயோ கோயில் மண்டபத்திலயோ நடக்கிறது, அரசாங்கப் பள்ளிக்கூடம் தரம் ஒண்டிலதான் துவங்கும். நியூ ஜெர்சி அக்கா சொல்லுற பொருளுக்கு அது நேரெதிர்.

ஆனால் புகுமுகம் எனக்குப் பயமா இருக்கு. எங்களுக்கு அது பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சை. அந்தச் சொல்லைக் கண்ட உடனே அம்மாமார் பிள்ளையை இருத்தி வைச்சு பயிற்சிக் கொப்பி வாங்கிக் குடுக்கத் துவங்கீடுவினம், சத்தியமா. இங்க ஒன்ராறியோவில நாலு வயசு ஜேகே (ஜூனியர் கிண்டர்கார்டன்) அரசாங்கப் பள்ளிக்கூடத்திலதான் நடக்குது, 2010இல துவங்கி 2014 மட்டில எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் முழுநாள் ஆக்கினவை, பெரும்பாலும் ஒரு ஆசிரியரும் சிறுபிள்ளைக் கல்வி படிச்ச ஒருத்தரும் சேர்ந்து ஒரே வகுப்பில நிப்பினம். பாடத்திட்டமே விளையாட்டை அடியா வைச்சது. அப்பிடியிருந்தும் "ஜேகே போக முதல் என்ன படிப்பிக்க வேணும்" எண்டு கேக்கிற ஆக்கள் நாங்கள்!

விஸ்கான்சினில நாலு வயசு வகுப்பை ஃபோர்-கே எண்டு சொல்லுறவை, அந்த மாநில அரசியலமைப்பிலயே இலவசக் கல்வி நாலு வயசில துவங்குது. நியூ யார்க்கில மூண்டு வயசுக்கு த்ரீ-கே. நாங்களும் வயசைச் சொல்லிவிட்டால் என்ன? நான்கு வயது வகுப்பு. ஒரு அகராதியும் தேவையில்லை, அம்மம்மாவுக்கும் விளங்கும்.

--------

[சென்னை]

புகுமுகம் எனக்குப் பிடிச்சிருக்கு, நான் பி.யூ.சி. படிச்சவன். நான்கு வயது வகுப்புன்னா கலைச்சொல் மாதிரியே இல்லையே, கடைக்காரன் பில்லுல எழுதற மாதிரி இருக்கு. அஞ்சு வயசு ஆகப்போற பிள்ளை அந்த வகுப்புல உக்காந்திருந்தா என்ன சொல்லுவீங்க?

--------

[டாலஸ்]

ஐயா, அக்கா, டொராண்டோ அண்ணா, மூணு பேருக்கும் நன்றி. நோட்டீஸ் வெள்ளிக்கிழமை போகணும், அதனால நான் முடிவு எடுத்துட்டேன்.

டொராண்டோ அண்ணா சொன்ன பரீட்சை பயம் இங்க இன்னும் மோசமான பயம். மொழி வாசல்ல உள்ள வரணும்னா பிள்ளைக்கு இங்லீஷ் எவ்வளவு தெரியும்னு வாய்மொழியா ஒரு சோதனை வைப்பாங்க, இங்லீஷ் போதலைன்னு வந்தாத்தான் இடம். புகுமுகம்னு போட்டா நம்மாளுங்க ஒரு மாசம் இங்லீஷ் ரைம்ஸ் மனப்பாடம் பண்ண வெச்சுக் கூட்டிட்டு வருவாங்க, பிள்ளை அருமையா பேசும், இடம் போயிடும். வீட்டுமொழிப் படிவத்துலயும் "இங்லீஷ்"னு எழுதினா மதிப்புன்னு நினைக்கிறவங்க உண்டு, அப்படி எழுதினா அந்த சோதனை வரைக்குமே போகாது. ரெண்டையும் நோட்டீஸ்ல பெரிய எழுத்துல போடச் சொல்றேன்: படிவத்துல வீட்டுல உண்மையா என்ன பேசறீங்களோ அதை எழுதுங்க, சோதனைக்குன்னு எதுவும் சொல்லிக் குடுக்காதீங்க.

அதனால நோட்டீஸ்ல "ப்ரீ-கே, அதாவது அரசுப் பள்ளியில் நான்கு வயது வகுப்பு". வயசு செப்டம்பர் 1ஐ வெச்சுங்கறது அதே வரியிலயே வந்துடும், ஐயா கேட்ட அஞ்சு வயசு சந்தேகத்துக்கு அதான் பதில். மூணு வயசுக்கும் எங்க மாவட்டம் சில இடத்துல நடத்துது, அங்க எண்ணை மட்டும் மாத்திக்கலாம். குழுவோட சொற்பட்டியல்ல ப்ரீ-கேக்கு பள்ளிப் புகுமுக வகுப்புன்னு ஏத்துங்க, கட்டுரை எழுதறவங்களுக்கு அது வேணும். கற்றல் இலக்கு, கற்பித்தல் நெறி, திட்ட அளவுகோல் மூணும் ரெண்டு இடத்துலயும் அப்படியே.

கலிஃபோர்னியா ஆளுங்க யாராச்சும் இருந்தா உங்க ஊர் டி.கே.வை (ட்ரான்சிஷனல் கிண்டர்கார்டன்) எடுத்துக்கோங்க. 2010 சட்டம் வந்தப்போ கிண்டர்கார்டனுக்கு வயசு கொஞ்சம் பத்தாத பிள்ளைங்களுக்குன்னு ஆரம்பிச்சது, இப்ப நாலு வயசு எல்லாருக்கும்னு விரிச்சுட்டாங்க, பேருல மட்டும் இன்னும் "இடைமாற்றம்" ஒட்டிக்கிட்டு இருக்கு. அதையும் நான்கு வயது வகுப்புன்னே போடலாமா, இல்ல தனியா வேணுமா?