பளிச்சென்ற முகத்துக்கு எந்த சீரம்? போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பூன் லே:
முகம் கொஞ்சம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கடையில் கேட்டால் முதலில் கைக்கு வருவது வைட்டமின் சி சீரம்தான். எனக்கும் அதையே எடுத்துக் கொடுத்தார்கள், ஐம்பது வெள்ளிக்குப் பக்கம். சாமான் மோசமில்லை, ஆனால் அதில் இருக்கும் எல்-அஸ்கார்பிக் அமிலத்துக்குக் காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் ஆகாது, நம் சிங்கப்பூரில் இந்த மூன்றுக்கும் பஞ்சமா என்ன. வாங்கும்போது தண்ணீராக இருந்தது, சொட்டுக்குழாயைத் திறந்து திறந்து மூடியதில் மஞ்சளாகி, பாதி பாட்டில் இருக்கும்போதே தேத்தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. தலையணை உறையிலும் கறை.

இப்போது போடுவது நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வகை) சீரம், 5 சதவீதம். எனக்கு மாநிறத் தோல், பரு போனாலும் அதன் கறுப்புத் தடம் மாதக்கணக்கில் போகாது, அதற்கு இதுதான் தோது. உண்டான நிறமி மேல்தோல் செல்களுக்குப் போய்ச் சேர்வதை இது குறைக்கிறது, அதனால் பலன் மெதுவாகத்தான் தெரியும், இரண்டு மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். 10 சதவீதம் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், சிலருக்குச் சிவந்து எரியும். எனக்குத் தாடைப் பக்கம் மங்கியிருக்கிறது, நெற்றி இன்னும் அப்படியேதான்.

ஈசூன்:
அக்கா சொல்வது பருத்தடத்துக்குச் சரி. எனக்கு மங்கு, அதாவது மெலாஸ்மா என்கிற கருந்திட்டு, இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் வந்தது, அதற்கு சீரம் மட்டும் போதவே போதாது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கி நொவீனா நேஷனல் ஸ்கின் சென்டருக்குப் போனேன், டாக்டர் முதலில் கேட்டதே என்ன சன்ஸ்கிரீன் போடுகிறீர்கள் என்றுதான். இங்கே நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐ, அதாவது உச்சக்கட்ட அளவை, தொடுவது சாதாரணம். அது போக, மங்கு கிளம்புவதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டாம், சாதாரண சன்ஸ்கிரீன் அதைப் பெரிதாகத் தடுக்காது, இரும்பு ஆக்சைடு கலந்து தோல் நிறத்தில் வருகிறதே, அது வேண்டும். திருநீறு பூசியது போல் வெளுப்பாகத் தெரியாது என்பது உபரி லாபம். இரவில் திட்டை மங்கவைக்கும் அஸெலாயிக் அமிலம் போடுகிறேன், ஆரம்பத்தில் அரித்தது, அப்புறம் பழகிவிட்டது.

தெம்பனிஸ்:
எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், ஏழே நாளில் வெள்ளை என்று ஆன்லைனில் விற்கும் பெயர் தெரியாத டப்பாவை மட்டும் தொடாதீர்கள். என் சின்னம்மா ஒன்றைப் பூசினார், பூசும்வரை பளபளப்பு, நிறுத்தியதும் முகமெல்லாம் சிவந்து பரு. பாதரசம், ஹைட்ரோகுவினோன் (தோலை வெளுக்க வைக்கும் மருந்து), ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் பற்றி சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்தும் வாங்க ஆள் இருக்கிறது! டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதாவிட்டால் வேண்டவே வேண்டாம்.

பூன் லே அக்கா, நியாசினமைடையும் வைட்டமின் சி-யையும் சேர்த்துப் போடக்கூடாது என்கிறார்களே?

பூன் லே:
அது பழைய பேச்சுப்பா, இரண்டையும் போடலாம். எனக்கு இந்தப் புழுக்கத்தில் இரண்டு அடுக்கு போட்டால் பஸ் ஏறுவதற்குள் பிசுபிசுத்துவிடுகிறது, அதனால்தான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.