தைப்பொங்கலில சீலியாக் நோய் பற்றி விளக்கலாமா?

கேள்வி: பொங்கலன்று களுவாஞ்சிகுடியில கோயில் வாசலில மேசை போட்டு, கோதுமையால குடல் கெடுற சீலியாக் நோயைப் பற்றிச் சொல்ல யோசனை. என்ன வைக்கலாம்?

பதில் 1: பொங்கலே நல்ல உதாரணம்: பச்சரிசி, பயறு, சர்க்கரை, கோதுமையே இல்லை. வடைதான் சிக்கல். பொடிப் பெருங்காயம் பலதில கோதுமை மா கலந்திருக்கும், பைக்கற்றைப் பாருங்க. கோதுமை மா ரோல்ஸ் பொரிச்ச எண்ணெயில வடை பொரிக்கவும் கூடாது. கடை இடியப்பத்தை நம்பவே வேணாம், அரிசிமாவோட கோதுமை மாவும் சேர்ப்பாங்க.

பதில் 2: அண்ணா, துண்டுப்பிரசுரத்தில முதல் வரி இதாக இருக்கட்டும்: இரத்தச் சோதனைக்கு முன்னம் பாண், ரொட்டியை நிறுத்தாதீங்க. நிறுத்தினா பிறபொருளெதிரி (சோதனையில தேடுற, இந்த நோயில இரத்தத்தில கூடுற எதிர்ப்புப் புரதம்) குறைஞ்சு, நோய் இருந்தும் இல்லையெண்டு முடிவு வரும்.

பதில் 3: வயிற்றோட்டத்தை மட்டும் எழுதாதீங்க. இரும்புக் குளிசைக்கும் மாறாத இரத்தசோகை, பிள்ளை வளராமை, இதுகளும் அறிகுறிதான். திகதி போடாம அச்சடிச்சா மே 16 சர்வதேச சீலியாக் தினத்துக்கும் உதவும்.